மார்த்தாளிடம் பேசினார், மரியாளோடு அழுதார்

லாசரு இறந்து நான்கு நாள் கழித்து இயேசு பெத்தானியாவுக்கு வருகிறார். மார்த்தாள் ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு, "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால், என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். சற்று நேரத்தில் மரியாள் வந்து காலில் விழுந்து அதே வாக்கியத்தைச் சொல்கிறாள். யோவான் 11:21-ஐயும் 32-ஐயும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். சொற்கள் ஒன்று, கிடைத்த பதில் இரண்டு. மார்த்தாளுக்கு உயிர்த்தெழுதலைப் பற்றிப் போதனை கிடைக்கிறது. மரியாளுக்குப் போதனையே இல்லை. "எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்கிறார், அழுகிறார்.

நம் சபைகளில் நடக்கும் ஆத்தும ஆதாயப் பயிற்சி, அதாவது பிறருக்கு நற்செய்தி சொல்லக் கற்றுக்கொடுப்பது, பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. கடவுள் நேசிக்கிறார், மனிதன் பாவி, இயேசு மரித்தார், நீ ஏற்றுக்கொள். நான்கு குறிப்பு, கடைசியில் ஒரு ஜெபம், மொத்தம் பதினைந்து நிமிடம். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கும் அதேதான், புற்றுநோய் வார்டில் படுத்திருப்பவருக்கும் அதேதான், கணவரைப் பறிகொடுத்து மூன்றாம் நாள் உட்கார்ந்திருப்பவருக்கும் அதேதான். கேட்டவர் முகம் திருப்பினால் "இருதயம் கடினப்பட்டிருக்கிறது" என்று சொல்லி அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறோம். பல நேரம் கடினம் அவர் இருதயத்தில் இல்லை, நம் காதில்.

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது ஒரு மருத்துவர் சீட்டு போல இருக்கிறது. ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்தி, திடனற்றவர்களுக்குத் தேறுதல், பலவீனருக்குத் தாங்கல், எல்லாருக்கும் பொதுவாக நீடிய சாந்தம் (1 தெச. 5:14). திடனற்றவருக்குப் புத்தி சொன்னால் அவர் உடைந்துபோவார். ஒழுங்கில்லாதவரைத் தாங்கிக்கொண்டே இருந்தால் அவர் அப்படியே இருப்பார். ஆகவே வாயைத் திறப்பதற்கு முன் எதிரில் இருப்பவர் இவர்களில் யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. மாற்கு 10-இல் பணக்கார வாலிபனிடம் உள்ளதையெல்லாம் விற்கச் சொன்னவர், அதே அதிகாரத்தின் கடைசியில் குருடனான பர்திமேயுவிடம், உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார். குருடன் என்று தெரிந்தும் கேட்கிறார்.

கேட்பவருக்கு ஏற்றபடி பேசுவதில் முதலில் சொற்கள். தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

சபைத் தமிழ் என்று ஒன்று இருக்கிறது. 1871-இல் வெளிவந்த ஹென்றி பவர் வேதாகம மொழிபெயர்ப்பின் நடையிலேயே நாம் ஜெபிக்கிறோம், பாடுகிறோம், அறிவிப்புகூட வாசிக்கிறோம். அதில் வளர்ந்தவருக்கு அது தாய்ப்பால். வெளியில் இருப்பவருக்கு அதே சொற்கள் வேறு பொருளில் கேட்கும். புரியாமல் போவதைவிடத் தப்பாகப் புரிவது ஆபத்து.

"மறுபடியும் பிறக்க வேண்டும்" என்று ஒரு சைவப் பெரியவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் காதில் விழுவது மறுஜென்மம். பிறவாமை வேண்டும் என்று காரைக்கால் அம்மையார் வேண்டியதாகச் சேக்கிழார் பாடிய மண் இது. பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவதே வீடுபேறு என்று நம்புகிறவருக்கு, "இன்னொரு தடவை பிறக்கணும்" என்பது நற்செய்தியாகவா இருக்கும்? இயேசு அந்தச் சொல்லை நிக்கொதேமு என்ற யூதப் போதகரிடம்தான் சொன்னார். அடுத்த அதிகாரத்தில் சமாரியப் பெண்ணிடம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கிணற்றடியில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு, தண்ணீரிலிருந்தே தொடங்குகிறார். நாமோ நிக்கொதேமுவுக்கான வசனத்தைத் தண்ணீர் எடுக்க வந்தவளிடம் ஒப்பிக்கிறோம்.

"பாவம்" இன்னும் சிக்கல். தெருவில் "ஐயோ பாவம்" என்றால் இரக்கம், "அடப்பாவி" என்றால் வசை. சமயப் பேச்சிலோ பாவமும் புண்ணியமும் கணக்கேட்டின் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கம் ஏறினால் அன்னதானம், தீர்த்தம், நேர்த்திக்கடன் என்று மறுபக்கத்தில் சரிக்கட்டலாம். "நீங்கள் ஒரு பாவி" என்றதும், கொலை கொள்ளை செய்யாத மனிதர் தன்னைத் திட்டியதாகவே நினைப்பார். அவரிடம் லூக்கா 15-இலிருந்து தொடங்குவது நல்லது. அப்பா உயிரோடு இருக்கும்போதே பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன இளைய மகன். சொத்துப் பிரிவினை பார்க்காத தமிழ்க் குடும்பம் உண்டா? அப்பா இருக்கப் பங்கு கேட்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று விளக்கவே வேண்டியதில்லை. அந்த அப்பா வயதையும் மரியாதையையும் பார்க்காமல் ஓடி வந்து கட்டிப்பிடிக்கிறார் என்ற இடத்தில் நிறுத்திவிடலாம். மூத்த மகனை அடுத்த சந்திப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

"விசுவாசம்" என்றால் வெளியில் நாயின் குணம், அல்லது கட்சித் தலைமைக்குக் காட்டுவது. "நம்பி ஒப்படைப்பது" என்று சொன்னால் போதும். "பரிசுத்த ஆவி உங்கள் மேல் இறங்கும்" என்று கிராமத்து அம்மாவிடம் சொன்னால் அவர் பேய் பிடிப்பதை நினைத்துப் பயப்படுவார்; ஆவி இறங்குவதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார், அது அவருக்கு நல்ல நினைவு அல்ல. கடவுளே நம்மோடு, நமக்குள்ளே தங்குகிறார் என்று விரித்துச் சொல்ல வேண்டும். "இரத்தம் ஜெயம்" என்று வாசலில் நின்று முழங்குவது பக்கத்து வீட்டுக்கு எப்படிக் கேட்கும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். "அவதாரம்" என்றால் மறுப்பே இருக்காது, உடனே தலையாட்டுவார்கள். பத்தோடு பதினொன்றாகச் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. உங்கள் சாட்சியை, அதாவது நீங்கள் இயேசுவை நம்பத் தொடங்கிய கதையை, 150 சொற்களில் எழுதுங்கள். சபைக்கு வராத ஒரு நண்பரிடம் பென்சிலோடு கொடுத்து, விளங்காத சொல்லுக்கும் விளங்கினாலும் வினோதமாகத் தோன்றும் சொல்லுக்கும் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். இரட்சிப்பு, அபிஷேகம், கிருபை, ஊழியம், பாரம், "ஆண்டவர் என்னோடு பேசினார்" எல்லாம் கோடு வாங்கும். கோடு விழுந்த ஒவ்வொன்றையும் சமையலறையில் பேசும் தமிழில் திருப்பி எழுதுங்கள். மூன்றாவது திருத்தத்தில்தான் கேட்கும்படி வரும். இன்னொன்று: பழைய வாழ்க்கையை எவ்வளவு கறுப்பாகக் காட்டுகிறோமோ அவ்வளவு மகிமை என்று நினைத்துக் குடியையும் கடனையும் ஊதிப் பெருக்க வேண்டாம். கேட்கிறவர் உங்கள் அண்ணனுக்கும் தெரிந்தவராக இருக்கலாம்.

இது புதிய கவலை இல்லை. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். தமிழர் சமயத்தைப் பற்றித் தமிழர்களிடமே கேட்டு எழுதிச் சேர்த்தார். அதன் பிறகுதான் 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சானது. கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், குறத்தி குறி சொல்லும் குறவஞ்சி வடிவத்தையே எடுத்துப் பெத்லகேமுக்குக் கொண்டுபோனார். அவர்களுக்கு முன்பே 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். நொபிலியைப் புகழ்வோர் அடுத்த பக்கத்தையும் வாசிக்க வேண்டும். உயர்சாதியாரை நெருங்குவதற்காக, ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருந்த கடற்கரை மக்களிடமிருந்து அவர் விலகி நின்றார். கேட்பவருக்கு ஏற்றபடி வாசலை மாற்றலாம். இன்னொரு விசுவாசியை வாசலுக்கு வெளியே நிறுத்தித்தான் அந்த வாசல் திறக்கும் என்றால், அங்கே அறிவிக்கப்படுவது வேறு ஏதோ.

மருத்துவமனை தனி உலகம். பத்து நிமிடத்துக்கு மேல் இருக்காதீர்கள். நிற்காமல் உட்காருங்கள், படுத்திருப்பவர் அண்ணாந்து பார்த்துப் பேசுவது பெரிய சிரமம். கை கழுவிவிட்டுப் போங்கள். இருவருக்கு மேல் போக வேண்டாம். நோயின் பெயரையும் நிலையையும் நீங்களாகச் சொல்லாதீர்கள், அவருக்கே முழுதாகத் தெரியாமல் இருக்கலாம். ஜெபிக்கலாமா என்று கேட்டு, "இப்பவா, இல்ல நான் வீட்டுல போய் ஜெபிக்கட்டுமா?" என்று இரண்டு வழி கொடுங்கள். ஒரே வழி கொடுத்தால் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். சரி என்றால் ஒரு நிமிடத்துக்குள், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில், அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். எண்ணெய் பூசுவதற்கு முன் செவிலியரிடம் கேளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த எண்ணமே வேண்டாம்.

அங்கே சொல்லவே கூடாதவை சில உண்டு. குணமாகும் என்ற உறுதிமொழி. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் விசுவாசம். "எந்தப் பாவம் மறைஞ்சிருக்கோ" என்ற விசாரணை. குணமாகாதபோது, விசுவாசம் போதவில்லை என்ற பழி நோயாளியின் தலையில்தான் வந்து விழும். உறுதி கொடுத்தவர் அதற்குள் வேறு வார்டுக்குப் போயிருப்பார். வலிமருந்தின் மயக்கத்தில் இருப்பவரிடம் பாவ அறிக்கை ஜெபத்தைச் சொல்லவைத்து, "கடைசி நேரத்தில் இரட்சிக்கப்பட்டார்" என்று வாட்ஸ்அப்பில் போடுவதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சுவிசேஷம் என்ற பெயர் பொருந்தாது.

துக்க வீட்டில் வாய் இன்னும் குறைவாகவே வேலை செய்ய வேண்டும். இந்துக் குடும்பமென்றால் முதல் நாள் போய்த் துக்கம் விசாரித்து, உட்கார்ந்து, எழுந்து வந்தால் போதும். "தேவன் எடுத்துக்கொண்டார்" என்றால் கேட்பவருக்குப் பறித்துக்கொண்டார் என்றே கேட்கும். இறந்தவர் எங்கே போயிருப்பார் என்ற பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள். அவர்களே கேட்டால், "நியாயமும் இரக்கமும் உள்ளவர் கையில் இருக்கிறார்" என்று சொல்லி நிறுத்துங்கள்.

உங்கள் வேலை பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு. அதுவரை வீடு நிறைய ஆள் இருக்கும். பதினேழாம் நாள் பந்தல்காரன் கணக்கும் காலி நாற்காலியும்தான் மிஞ்சும். இறப்புச் சான்றிதழ் எத்தனை நகல் வேண்டும், வாரிசுச் சான்றிதழுக்கு எப்படி விண்ணப்பிப்பது, வங்கியில் நாமினி யார், எரிவாயு இணைப்பை யார் பெயருக்கு மாற்றுவது என்று ஒரு நாள் கூடவே நடந்தால், அந்த அம்மா மூன்றாம் மாதம் ஒரு சாயங்காலம் தானாகக் கேட்பார்: "நீங்க சாமி கும்பிடும்போது என்ன சொல்லிக் கும்பிடுவீங்க?" கேட்காமலும் போகலாம். கேட்டால்தான் அடுத்த உதவி என்று மனதின் ஓரத்தில் வைத்திருந்தால், செய்தது தூண்டில்.

உதவியைப் பற்றி ஒரு வரி. அரிசியோ பள்ளிக் கட்டணமோ கொடுப்பவரும் வேதம் பகிர்பவரும் வேறு வேறு ஆளாக இருப்பது நல்லது. ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வளாகத்தில் வைத்துக் கொடுக்காதீர்கள். வருகிறவர் எதற்கு வருகிறார் என்று அவருக்கே தெரியாமல் போகும்.

பக்தியுள்ள இந்து நண்பரிடம் மறுப்பு வராது. "எல்லாம் ஒண்ணுதாங்க" என்பார். வேளாங்கண்ணிக்கும் போயிருப்பார், பூஜை அறையில் முருகன் பக்கத்தில் இயேசு படமும் இருக்கும். இதைப் பெரிய வெற்றியென்று எண்ணி மறுநாளே ஞானஸ்நானம் பேசுபவர்களும் உண்டு, உடனே விக்கிரகத்தைத் தாக்கத் தொடங்குபவர்களும் உண்டு. இருவரும் அவசரக்காரர்கள். யோவான் சுவிசேஷத்தை அவர் கையில் கொடுத்து, வாரம் ஒரு அதிகாரம் சேர்ந்து வாசியுங்கள். பக்தி மரபில் வந்தவருக்கு அந்த நடை நெருங்கி வரும். நடைமுறை ஆள், சட்டென்று முடிக்க விரும்புகிறவர் என்றால் பதினாறே அதிகாரமுள்ள மாற்கு. அறநூல் விரும்பிக்கு மத்தேயு 5 முதல் 7 வரை. யாருக்கும் மத்தேயு முதல் அதிகாரத்திலிருந்து தொடங்காதீர்கள்; வம்சவரலாற்றிலேயே புத்தகம் மூடப்படும். பழைய மொழிபெயர்ப்பு தடுத்தால், 1995-இல் வந்த திருவிவிலியம் எளிதாக ஓடும். பிரசாதம் நீட்டினால் என்ன செய்வது என்பதை 1 கொரிந்தியர் 8-ஐயும் 10-ஐயும் வாசித்து முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். மறுப்பதானால் இரண்டு கையையும் கூப்பி, முகம் சுளிக்காமல்.

இஸ்லாமிய நண்பருக்கு "தேவகுமாரன்" என்ற முதல் சொல்லே சுவர். கடவுள் ஒரு பெண்ணோடு சேர்ந்து பிள்ளை பெற்றார் என்று நாம் சொல்வதாக அவர் நினைக்கிறார். அதை நாமும் தேவதூஷணம் என்றே சொல்வோம் என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே ஈசா நபி என்று அவர்கள் அழைக்கும் இயேசுவைப் பற்றி அவர் ஏற்கெனவே அறிந்ததில் தொடங்குங்கள்: கன்னியிடம் பிறந்தார், நோயாளிகளைக் குணமாக்கினார். பக்ரீத் நாளில் இப்ராஹீமின் பலியைப் பற்றி அவரையே சொல்லச் சொல்லி முழுதாகக் கேளுங்கள். பிறகு ஆதியாகமம் 22-ஐ வாசிக்கலாமா என்று கேட்கலாம். ஜெபத்துக்கு "துஆ செய்யட்டுமா?" என்றால் புரியும். உங்கள் பைபிளைத் தரையில் வைக்காதீர்கள், கோடு கிழித்து மடித்த பிரதியை அவர் கையில் கொடுக்காதீர்கள். வேதத்தை மதிக்கத் தெரியாதவன் சொல்லும் வேதத்தை அவர் ஏன் கேட்க வேண்டும்? ஆணிடம் ஆண், பெண்ணிடம் பெண். அவர்களுடைய நபியைப் பற்றிக் குறைவாக ஒரு சொல் வந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது, முடியவும் வேண்டும்.

பகுத்தறிவாளர்களிடம் நம்மவர்கள் உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டதா என்று மல்லுக்கட்டப் போகிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் கேட்கும் உண்மையான கேள்வி அது இல்லை. "உங்க சபையில சாதி இருக்கா?" என்பதுதான். இருக்கிறது. வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு பிரிவாகக் கட்டிய தேவாலயம் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பியவர்கள் நாம். இதை மழுப்பிவிட்டு அன்பைப் பற்றிப் பேசினால், அவர் சிரிக்காமல் இருப்பதே பெருந்தன்மை. "ஆமாம், அது பாவம், நாங்க இன்னும் திருந்தல" என்று சொல்லத் தெரிந்தவரிடம் அடுத்த கேள்வி வரும். பவுலும் அத்தேனே பட்டணத்தில் எபிரெய வேதத்தை மேற்கோள் காட்டவில்லை, கிரேக்கப் புலவர்களின் வரியைத்தான் சொன்னார். அங்கேயும் கொஞ்சம் பேர் கேலி செய்தார்கள், கொஞ்சம் பேர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள்.

சபையால் காயப்பட்டு வெளியேறியவர்களிடம் எதையும் விளக்காதீர்கள். போதகருக்காக வாதாடாதீர்கள். ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) நண்பரிடம் மாதாவைத் தாக்குவது சுவிசேஷம் ஆகாது, அதையும் சொல்லிவைக்கிறேன்.

ஒருவர் ஞானஸ்நானம் வரை வந்தால் கவனிக்க வேண்டியவை உண்டு. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதியை இழக்கிறார். 1950-ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவருக்கே அது உண்டு. தமிழ்நாட்டில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். இந்துவாக மணம் முடித்தவர் மதம் மாறினால், 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி துணைவர் விவாகரத்துக் கோர அது ஒரு காரணமாகும். இதையெல்லாம் மறைத்துவிட்டு ஆற்றங்கரைக்கு அழைத்துப் போவது ஏமாற்று. செலவைக் கணக்குப் பார்க்காமல் கோபுரம் கட்டத் தொடங்குபவனைப் பற்றி லூக்கா 14-இல் இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் தொடவே வேண்டாம். மதத்தைப் பரப்பும் உரிமை அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவில் இருக்கிறது. அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் சொல்லியிருக்கிறது. மாறுவது அவர் மனம். அதை நாம் செய்ய முடியாது என்று நம் இறையியலும் சொல்கிறது.

கடைசியாக, முதல்முறை ஆலயத்துக்கு அழைத்துப் போகும் ஞாயிறு. திருவிருந்து இல்லாத வாரமாகப் பாருங்கள், அப்பமும் திராட்சரசமும் அவரைத் தாண்டிப் போகும்போது ஒதுக்கப்பட்டதாகத் தோன்றும். எத்தனை மணிக்கு முடியும் என்று உண்மையைச் சொல்லுங்கள். செருப்பை எங்கே விடுவது, ஆண்களும் பெண்களும் தனித்தனியா, எப்போது எழுந்து நிற்பார்கள் என்று வழியிலேயே சொல்லிவிடுங்கள். காணிக்கைப் பை வரும், போட வேண்டியதில்லை என்பதையும். "புதிதாய் வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று மேடையிலிருந்து அழைக்கும் வழக்கம் இருந்தால், போதகரிடம் முந்தின நாளே பேசி அவரை விட்டுவிடச் சொல்லுங்கள். பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில் உட்காருங்கள். முன்னால் இருப்பவர்களைப் பார்த்து எழவும் உட்காரவும் முடியும். திரும்பி வரும் வழியில் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். "எது புரியல?" என்று கேளுங்கள்.